கால்மாட்டில் ஓர் இடம்

நான் விஞ்ஞானம் படிப்பித்தவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் சிரிப்பதென்றால் சிரியுங்கள். கழிப்புக் கழிக்கிறேன், நூல் கட்டுகிறேன் என்று யாராவது வீட்டுப் பக்கம் வந்தால் படலையோடு திருப்பி அனுப்புகிற ஆள் நான். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் ஒழுங்கை முடக்கில் ஒரு புளியமரம் நின்றது. பொழுதுபட்டால் அந்தப் பக்கம் போக ஆம்பிளைகளே யோசிப்பார்கள். நான் ரியூசன் முடிந்து வரும்போது அதற்குக் கீழே நின்று சைக்கிளுக்குக் காற்றடித்திருக்கிறேன். ஒன்றும் வந்து என்னைப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் பேயை நம்புகிறாயா என்று கேட்டால் இல்லையென்றுதான் சொல்வேன். ஆனால் எனக்கு நடந்ததற்கு என்ன பெயர் வைப்பதென்று தெரியவில்லை, அதனால் பெயர் வைக்காமல் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு நாற்பது வயது ஆகவில்லை. குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. வெட்டி எடுத்தார்கள், பரிசோதனைக்கு அனுப்பினார்கள், புற்றுநோய் என்றார்கள். அதற்குப் பிறகு கதிர்ச் சிகிச்சை. தினமும் வீட்டிலிருந்து போய்வர முடியாத காலம். எந்தச் சந்தியில் எப்போது ஆமி மறிப்பான், எந்த பஸ் எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது, இரவில் ஊரடங்கு வேறு. அதனால் வார்ட்டிலேயே தங்கச் சொன்னார்கள்.

வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும், தோல் கறுக்கும், சாப்பாடு பிடிக்காது என்றெல்லாம் முதலே சொல்லியிருந்தார்கள். நித்திரை போகும் என்று ஒருவரும் சொல்லவில்லை. உடம்பு அடித்துப் போட்டதுபோலக் கிடக்கும், கண் மட்டும் மூடாது. மூடினாலும் உள்ளே யாரோ விளக்கைப் போட்டு வைத்த மாதிரி இருக்கும். பகலில் கதிரையில் இருந்தபடியே தலை விழும், இரவானால் முழிப்பு. நித்திரைக் குளிசை தந்தார்கள், அதுவும் கொஞ்சத் தூரம் கூட்டிக்கொண்டு போய்ப் பாதி வழியில் விட்டுவிடும். வார்ட்டில் எல்லோரும் மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். அந்த நேரத்தில்தான் எல்லாப் பயமும் வரிசையாக வரும். மகளை யார் பார்ப்பார், என் மனுசன், இவருக்குச் சோறு வடிக்கக்கூடத் தெரியாதே, கட்டி திரும்ப வந்தால் என்ன செய்வது. பகலில் இதே கேள்விகளுக்கு என்னிடம் பதில் இருந்தது, இரவில் ஒன்றுக்கும் இல்லை.

பக்கத்துக் கட்டிலில் றெஜினா அக்கா. குருநகர் ஆள், ஐம்பது வயது தாண்டியிருக்கும். வெற்றிலை போட்டுப் போட்டு வாயில் வந்த நோய். கதிர் பிடித்த தாடைத் தோல் புண்ணாகியிருந்ததால் ஒரு வெள்ளைச் சீலைத் துண்டைத் தாடைக்குக் கீழாகக் கொடுத்து உச்சியில் முடிந்திருப்பார். செத்தவர்களுக்குத்தான் அப்படிக் கட்டுவது வழக்கம் என்று வார்ட்டில் இருந்த மற்றப் பெண்களுக்கு அது பிடிக்காது, அவிழ்க்கச் சொல்லிச் சண்டை பிடிப்பார்கள். “முந்திக் கட்டினால் பிறகு உங்களுக்கு வேலை மிச்சமெல்லே” என்று அவர் சிரிப்பார். அந்த வாயோடு சிரிப்பது அவருக்கு எவ்வளவு நோ என்று எனக்குத் தெரியும்.

அவருக்கும் நித்திரை இல்லை. ஒரு நாள் இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“என்ன பிள்ளை, உனக்கும் வரேல்லையோ?”

“இல்லை அக்கா.”

“அப்ப இஞ்சாலை வாவன்.”

காலை மடக்கிக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் இடம் விட்டார். நான் போய் அதில் இருந்தேன். அன்று தொடங்கியது, பிறகு ஒவ்வொரு இரவும் அதுதான் எனக்கு இடம். கதைப்போம். பெரிதாக ஒன்றுமில்லை, கணவாய் எப்படிக் கறிவைக்கிறது, பள்ளிக்கூடத்தில் எந்த ரீச்சர் யாரோடு கோபம், இப்படித்தான். வார்ட்டில் அவரும் என்னைப்போல முழித்திருக்கிறார் என்பதே எனக்குப் போதும்.

“முழிச்சிருக்கிறது எனக்குப் பழக்கம் பிள்ளை” என்று ஒருமுறை சொன்னார். “என்ரை மனுசன் கடல்தொழிலுக்குப் போனால் விடியுமட்டும் முழிப்புத்தான். ஆனால் அப்ப எங்கடை ஒழுங்கையே முழிச்சிருக்கும். ஒருத்தி இருமினால் மற்ற வீட்டிலை இருந்து என்னடி எண்டு கேப்பாள். தனிய முழிச்சிருக்கிறதுதான் பிள்ளை என்னாலை ஏலாது. சாகிறதுக்குக்கூட எனக்கு அவ்வளவு பயமில்லை.”

என்னுடைய சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகும் நாள் வந்தது. இவர் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறார். நான் ஒவ்வொரு கட்டிலாகப் போய்த் தலையாட்டிவிட்டு, கடைசியாக றெஜினா அக்காவிடம் வந்து, வாய்ப்பழக்கத்தில், “அப்ப போட்டு வாறன் அக்கா” என்றேன்.

வார்ட் அப்படியே நின்றது. உங்களுக்குத் தெரியும், எங்கள் ஆட்கள் எந்த வீட்டிலிருந்து புறப்பட்டாலும் போய்விட்டு வருகிறேன் என்ற அர்த்தத்தில் போட்டு வாறன் என்பார்கள், போறன் என்று சொன்னால் பேச்சு விழும். ஆனால் இரண்டு இடத்தில் மட்டும் அதைச் சொல்லக்கூடாது. ஒன்று செத்த வீடு, மற்றது ஆஸ்பத்திரி. அங்கிருந்து சொல்லாமல்தான் போக வேண்டும், திரும்பியும் பார்க்கக்கூடாது. கூட்டிக்கொண்டிருந்த அற்றெண்டன் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு, “என்ன ரீச்சர், படிச்ச நீங்களே இப்பிடிச் சொல்லுறியள்!” என்று வாயில் கைவைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. றெஜினா அக்கா சிரிக்கவில்லை. சீலைக்கு மேலாக என்னை நேராகப் பார்த்து, “சொன்னனீயெண்டால் வரவேணும் பிள்ளை” என்றார்.

வீட்டுக்கு வந்த அன்றிரவே எனக்கு நித்திரை வந்தது. மாதக்கணக்காக வராத நித்திரை. சாப்பிட்டுத் தலையணையில் தலையை வைத்ததுதான் தெரியும், அடுத்தது விடிந்திருந்தது. கனவு கிடையாது, புரண்டு படுத்த ஞாபகம் கிடையாது. இவர் ஊரெல்லாம் சொல்லிச் சந்தோசப்பட்டார். அடுத்த நாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே. ஆனால் எழும்பும்போது இரவிரவாக நடந்து வந்த மாதிரி உள்ளங்கால் உளையும். கண் எரியும். நித்திரை முழித்தவளுக்கு என்னென்ன இருக்குமோ அதெல்லாம் இருந்தது. நெல்லூறவைத்த வாளியைத் தூக்கப்போய் முற்றத்தில் குந்திவிட்டேன். சிகிச்சைக் களைப்பு மாதக்கணக்கில் இருக்கும், எவ்வளவு படுத்தாலும் தீராது என்று ஒரு நேர்ஸ் சொல்லியிருந்தாள். அதுதான் இது என்று நினைத்துக்கொண்டேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

பிறகு கிளினிக் நாள். டொக்டரைப் பார்த்துவிட்டு வார்ட்டுக்குப் போனேன். நல்ல பகல், யன்னலால் வெயில் அடிக்கிறது. றெஜினா அக்கா மெலிந்துபோயிருந்தார், முகம் மட்டும் தெளிவாக இருந்தது. என்னைக் கண்டதும் கனநாளாகக் காணாத ஆளைப் பார்ப்பதுபோல அவர் பார்க்கவேயில்லை.

“என்ன பிள்ளை, இண்டைக்குப் பகலிலை வந்திருக்கிறாய்?”

மருந்து மயக்கம் என்று நினைத்தேன். “நான் இண்டைக்குத்தானே அக்கா வாறன்” என்றேன்.

“விசர்க்கதை கதையாதை. ராத்திரியும் உதிலைதானே இருந்தனீ.” கால்மாட்டைக் காட்டினார். “றோட்டெல்லாம் ஆமி நிக்குது, எப்பிடியடி வாறாய் எண்டு கேட்டனான். நீ சிரிச்சுப்போட்டு ஆட்டுக்கதை சொல்லத் தொடங்கீட்டாய்.”

“என்ன ஆட்டுக்கதை?”

“உங்கடை ஆடு குட்டி போட்டது. ரெண்டு. ஒண்டுக்கு ஒரு காது மட்டும் வெள்ளை.”

நம்பினால் நம்புங்கள், அந்தக் குட்டிகள் பிறந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. ஆனால் நான் லேசில் விடுகிற ஆளில்லை. கொக்குவிலிலிருந்து யாராவது நோயாளி பார்க்க வந்திருக்கலாம், கதைவாக்கில் சொல்லியிருக்கலாம். யார் வந்தது என்று குறுக்கு விசாரணை செய்தேன். ஒருவரும் வரவில்லையென்றார். வேறென்ன சொன்னேன் என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்தார்.

“நீ படுத்தாப் பிறகு உன்ரை மனுசன் கிணத்தடியிலை போயிருந்து அழுறார் எண்டு சொன்னனீ. சொல்லிப்போட்டு நீயும் அழுதனீ.”

எனக்கு அப்படியொரு விஷயமே தெரியாது. இவர் அழுகிற ஆளே இல்லை. என்னை வெட்டிய அன்றுகூட விறைத்துப்போய் நின்றவர். பயம் வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் பயத்தைவிட எனக்கு ஆவல்தான் கூட இருந்தது. இது எப்படி, இது எப்படி என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

புறப்பட எழும்பினேன். இந்த முறை வாயை இறுக்க மூடிக்கொண்டேன். றெஜினா அக்காவும் ஒன்றும் கேட்கவில்லை, கண்ணை மட்டும் என் முகத்திலிருந்து எடுக்கவில்லை. அந்த வார்ட்டின் இரவு எனக்குத் தெரியும். அங்கே தனியாக முழித்துக்கிடப்பது என்னவென்று தெரியும். விஞ்ஞானமாவது மண்ணாங்கட்டியாவது என்று நினைத்தேன். “வாறன் அக்கா” என்றேன், இந்த முறை தெரிந்துகொண்டே.

வீட்டுக்கு வந்து இவரை நேராகக் கேட்டேன். “நான் படுத்தாப் பிறகு கிணத்தடியிலை என்ன செய்யிறனீங்கள்?”

கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். “நீர் முழிச்சிருந்தனீரோ?”

“இல்லை.”

“பிறகெப்பிடித் தெரியும்?” என்றார். பிறகு மிச்சத்தையும் சொன்னார். “உம்மை எழுப்பிப் பாக்கிறனான். எழும்பிறேல்லை. மூக்கடியிலை விரலை வைச்சு மூச்சு வருதோ எண்டு பாக்கிறனான். வருது. ஆனால் நீர் அதுக்குள்ளை இல்லாத மாதிரிக் கிடக்கு. அதைப் பாத்துக்கொண்டிருக்க என்னாலை ஏலாது.”

அன்று நாங்கள் இருவரும் சேர்ந்தே அழுதோம். கலியாணம் முடித்த பிறகு அவரை அப்படி நெருக்கமாகக் கண்டது அன்றுதான். றெஜினா அக்கா சொன்னதை அவருக்குச் சொன்னேன். அவர் என்னைவிட லேசில் நம்பிவிட்டார். நான் நம்புவதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க வேண்டுமென்றேன். பள்ளிக்கூடத்தில் எழுதுகிற சோக்கை இடித்து மாவாக்கிக் கட்டிலைச் சுற்றித் தூவினோம். என் கால் பெருவிரலில் தையல் நூலைக் கட்டி மற்ற நுனியை அவர் மணிக்கட்டில் கட்டினோம். காலையில் பார்த்தால் மாவில் ஒரு பூனைத் தடம் மட்டும் இருந்தது, நூல் கட்டினபடி இருந்தது. இரவு முழுக்க நான் அசையவேயில்லை என்று அவர் சத்தியம் செய்தார். உள்ளங்கால் மட்டும் வழக்கம்போல உளைந்தது.

நாள் போகப் போக உடம்பு இறங்கியது. ஊசி மருந்து ஏற்றக் கூப்பிட்டிருந்தார்கள். இரத்தத்தைச் சோதித்துவிட்டு ஏற்ற முடியாது, இரத்தம் மிகவும் குறைந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். “நித்திரை கொள்ளுறீங்களோ?” என்று டொக்டர் கேட்டார். இவர் என் முகத்தைப் பார்த்தார். மருந்து ஏறாவிட்டால் நோய் திரும்ப வரும், அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வீட்டுக்கு வந்ததும் அவர் முதல்தடவையாக என்னை அதட்டினார்.

“அந்த மனிசிக்குப் பாவம் பாத்து நீர் செத்துப்போனால் பிள்ளைக்கு ஆர்? போம், போய் அவவைப் பாத்துப்போட்டு, சொல்லாமல் வாரும்.”

போனேன். வழி முழுக்க அக்காவுக்கு என்ன சொல்லி விளங்கப்படுத்துவது என்று யோசித்துக்கொண்டு போனேன். ஒன்றும் தேவைப்படவில்லை. றெஜினா அக்கா நித்திரை. பட்டப்பகலில், வாய் லேசாகத் திறந்தபடி, பச்சைப்பிள்ளை மாதிரி நித்திரை. அவருடைய மகள் பக்கத்தில் இருந்து விசிறிக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளையை நான் முன்னர் கண்டதில்லை.

“நீங்களோ ரீச்சர்?” என்றாள். “அம்மா நேற்றையிலையிருந்து இப்பிடித்தான். படுக்கமுதல் உங்களைப் பற்றித்தான் சொன்னவ. ரீச்சர் நல்லாய்க் களைச்சுப் போனா, இனி வரவேண்டாமெண்டு சொல்லு, வீட்டிலை படுக்கட்டும் எண்டு.”

கட்டிலின் கால்மாட்டைப் பார்த்தேன். நித்திரையிலும் காலை மடக்கித்தான் கிடந்தார், அங்கே ஓர் ஆள் இருக்கிற இடம் வெறுமையாகக் கிடந்தது. நான் அதில் போய் இருக்கவில்லை. அவர் பாதத்தைத் தொட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நடந்தேன்.

வாசலைத் தாண்டும்போது பின்னால் குரல் கேட்டது. “சரி பிள்ளை, நான் வாறன்.”

அந்த அடைத்த குரலை எனக்குத் தெரியாதா? திரும்பிப் பார்க்கக்கூடாது என்பதை மறந்து திரும்பினேன். அக்கா நித்திரை. சீலை கட்டினபடி, வாய் அசையவில்லை. “அம்மா கதைச்சவவோ?” என்று மகளைக் கேட்டேன். “இல்லையே ரீச்சர்” என்று அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

அன்றிரவு எனக்கு முன்னைய நாட்களைப்போல ஒரே மூச்சில் நித்திரை வரவில்லை. கொஞ்சம் வந்தது, முழித்தேன், புரண்டேன், கனவுகூடக் கண்டேன். காலையில் கால் உளையவில்லை. ஒரு கிழமைக்குள் றெஜினா அக்கா போய்விட்டார் என்று அறிந்தேன், நித்திரையிலேயே போனாராம். கொஞ்சம் கொஞ்சமாக என் இரத்தம் ஏறியது, மருந்தும் ஏற்றினார்கள், பிழைத்தேன். நித்திரை மட்டும் திருந்தவில்லை. நோய் போனாலும் அந்த முழிப்பு என்னோடு தங்கிவிட்டது. இதைப்போலப் பலருக்கு உண்டென்று பிறகு டொக்டர் சொன்னார். வருஷங்கள் போயின. அந்தக் கடைசிக் குரலை என் காதில் பட்ட மயக்கம் என்று முடிவு செய்து மறந்தும்விட்டேன்.

தொண்ணூற்றைந்தில் ஆமி நெருங்கிவரச் சனம் முழுக்க யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தது உங்களுக்குத் தெரியும். நாங்களும் நடந்தோம். மழை. சைக்கிளில் சாமான், கையில் பை. மார்பில் வெட்டின பக்கத்துக் கையால் பாரம் தூக்கக்கூடாது, தூக்கினேன், கை வீங்கிவிட்டது. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. ஒரு வகுப்பறைக்குள் எத்தனையோ குடும்பம், காலை நீட்ட இடமில்லாமல் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தோம். எல்லோரும் களைத்து நித்திரையானார்கள். நான் வழக்கம்போல முழித்துக்கிடந்தேன். கை நொந்தது. நோய் திரும்ப வந்தால் இனி எந்த ஆஸ்பத்திரி என்று யோசித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தேன். விடியும்வரை கண்ணை மூடவில்லை. யாரையும் காணவில்லை, யாரோடும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

வெளிச்சம் வந்ததும் எழும்பி இருந்தேன். என் காலடியில் கிடந்த பெண்ணும் எழும்பினாள். முன்பின் தெரியாதவள், மானிப்பாய்ப் பக்கம் என்று பிறகு சொன்னாள். முழங்காலைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டு சுற்றும்முற்றும் பார்த்தாள்.

“அந்த அக்கா எங்கை போட்டா?” என்றாள்.

“எந்த அக்கா?”

“ராத்திரி முழுக்க உங்கடை கால்மாட்டிலை இருந்து கதைச்சுக்கொண்டிருந்தாவே. வயசான மனிசி, இருக்கட்டுமெண்டு நான் காலை மடக்கிக்கொண்டு கிடந்தனான், இப்ப கால் விறைச்சுப் போச்சு.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அவவுக்குப் பல்லிலை ஏதும் வருத்தமோ? தாடையிலை வெள்ளைச் சீலை கட்டியிருந்தா.”

அத்தனை சனம் நெருங்கிக் கிடந்த அந்த நிலத்தில், என் காலுக்கும் அவள் காலுக்கும் நடுவில், ஓர் ஆள் இருக்கிற அளவு பாய் வெறுமையாகக் கிடந்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஓர் ஆள் இரவு முழுக்க அங்கே இருந்து கதைத்தது அவளுக்குத் தெரிந்திருக்கிறது, முழித்துக்கிடந்த எனக்குத் தெரியவில்லை. அது ஏன் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன்.

நீங்கள் நம்ப வேண்டுமென்று இதைச் சொல்லவில்லை. எனக்கு இப்போதும் பாதி இரவுகள் நித்திரை வருவதில்லை. ஒன்றும் தெரிவதில்லை, ஒன்றும் கேட்பதுமில்லை. ஆனாலும் அந்த இரவுகளில் நான் காலை நீட்டிப் படுப்பதில்லை, மடக்கிக்கொண்டுதான் படுக்கிறேன்.